மால்கம் என்கிற சாமியார்

பஸ் ஏறி உட்கார்ந்ததும் சந்தியாகு முதலில் செய்த காரியம், மடியில் இருந்த நீல ஃபைலைத் திறந்து அந்த மூன்று எழுத்தும் இன்னும் அங்கேயே இருக்கின்றனவா என்று பார்த்ததுதான். இருந்தன. எழுநூற்று அறுபது வருஷமாக ஆட்டுத்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும் மசி, காலைக் காப்பிக்கும் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கும் நடுவே எங்கே எழுந்து போய்விடும்? ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. டி, சி, ஐ. மூன்றுக்கும் தலைமேல் ஒரே கோடு. பத்திரத்தின் போட்டோதான் அது, ஆனால் அவருக்குப் போட்டோ போதும். திருச்சி கத்தோலிக்க மேற்றிராசனத்தின் பழைய பதிவேட்டு அறையில் முப்பத்தொரு வருஷம் லத்தீன் ஞானஸ்நானப் பதிவுகளைப் படித்த கண் இது. கரையான் தின்று மிச்சம் வைத்த அரைப் பெயரை வைத்துக்கொண்டு ஆளையும் ஆளின் தகப்பனையும் ஞானத்தாயையும் சொல்லிவிடும். எழுபத்திரண்டு வயதில், மகளைப் பார்க்க வந்த ஊரில், பேசத் துணை இல்லாமல், மழைக்கு ஒதுங்கிய நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனக்குத் தெரிந்த பாஷையைக் கண்டால் ஒருவன் என்ன செய்வான்? தினமும் போனார். ஸ்காட்லாந்தில் டன்கார்வி என்ற சின்ன ஊரின் நிலக்கிழார் வம்சம் அவருக்கு இந்த நாலு மாதத்தில் சொந்த பந்தம் ஆகிவிட்டது. அந்தப் பத்திரத்தை எழுதிவைத்த வில்லியமுக்கு எத்தனை ஆலை, எந்த மடத்துக்கு எந்தப் புல்வெளியை எழுதிவைத்தான், எல்லாம் கேட்டால் சொல்வார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் அந்த ஊர் வம்சாவளிச் சங்கத்தை நடத்தும் மோராக் அம்மாள்தான், பெட்டியின்மேல் மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற கறுப்புக் கிழவரிடம் அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். உங்கள் வம்சாவளியில் பிழை இருக்கிறது என்றார் சந்தியாகு. நல்லவேளை, அவள் சிரித்தாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள், பத்து நிமிஷம் தருகிறேன் என்றாள். இன்று வியாழக்கிழமை. பத்து நிமிஷம் என்ன, மூன்று நிமிஷம் போதும், எழுத்துக்கு ஒரு நிமிஷம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் கர்வம் நெஞ்சில் சூடாக ஏறியது, ஸ்வெட்டர்கூடத் தேவையில்லை போலிருந்தது.

மழை முன் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. மாடி பஸ்ஸின் முன்வரிசையில் உட்கார்ந்தால் டிரைவரே தான்தான் என்ற நினைப்பு வரும், அதற்காகத்தான் ஜெசிந்தாவை மாடியேற வைத்தார். ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிப் போகிறாள் பிள்ளை, பாதித் தூக்கத்தில் சன்னலில் தலை சாய்த்திருக்கிறாள். வேலிக் கற்கள், ஆடுகள், மறுபடி வேலிக் கற்கள். இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் வில்லியமுடையது. நம்ம வில்லியம், என்று மனசு சொன்னது. அவனுக்கு மகன் மால்கம். அதுவரை, சங்கத்துச் சுவரில் மாட்டி நூலகப் பெட்டியில் நகல் வைத்திருக்கும் வம்சாவளி சரி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க் கோயில் போதகர் ஒருவர் கைப்பட எழுதி, சட்டம் போட்டு மாட்டியது. பிறகுதான் குழப்பம். மால்கமின் கட்டத்தில், தேவனின் துறவி, சந்ததி இல்லை, என்று எழுதியிருக்கிறார். வில்லியமுக்குப் பிறகு நிலம் ரோஜர் என்பவனுக்குப் போயிருக்கிறது. அந்த ரோஜரைப் பத்திரம் வில்லியமின் நெப்போஸ் என்கிறது. நெப்போஸ்! சந்தியாகுவுக்கு லத்தீன்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்த ஒரு சொல்லில் அதை மன்னிக்க முடியவில்லை. பேரனுக்கும் நெப்போஸ், அண்ணன் மகனுக்கும் நெப்போஸ், தங்கச்சி மகனுக்கும் நெப்போஸ். உலகத்தையே ஆண்ட பாஷை, வீட்டுக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் தடுமாறுகிறது. எங்கள் ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும், பேரன் வேறு மருமகன் வேறு என்று; மாற்றிச் சொன்னால் கல்யாணமே நின்றுபோகும். போதகர் பாவம், மால்கம் துறவியாயிற்றே, துறவிக்குப் பிள்ளை ஏது, அப்படியானால் இந்த ரோஜர் பேரன் இல்லை, தம்பி மகன்தான் என்று முடிவு கட்டினார். வில்லியமுக்குத் தம்பி இருந்ததாக ஒரு பத்திரமும் சொல்லவில்லை. அதனால் என்ன, மால்கமின் கட்டத்துக்கு மேலே, வில்லியமுக்குப் பக்கத்தில், ஒரு கட்டம் வரைந்து அதற்குள் கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறிக்கு மகன் ரோஜர். அவன் வழியில் இருபத்திரண்டு தலைமுறை இறங்கி வந்து இன்று எண்பது வயதில் இயன் என்ற பெரியவர், வம்சத்தின் கடைசி ஆண், கைத்தடியோடு கூட்டத்துக்கு வரப்போகிறார். பெயர் உள்ளவனை மலடாக்கிவிட்டுக் கேள்விக்குறிக்குப் பிள்ளை பிறக்க வைத்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். சந்தியாகு சன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டிக்கொண்டார்.

ஆனால் சி-தானா அது? இங்கேதான் மனசு ஒவ்வொரு தடவையும் கால் இடறியது. போதகர் அதை ஈ என்று படித்தார். டி, ஈ, ஐ. தேயி. தேவனுடைய. என் மகன் மால்கம், தேவனுடைய துறவி. அழகாகத்தான் இருக்கிறது, போதகருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. சந்தியாகு படிப்பது வேறு. டி, சி, ஐ, மேலே கோடு. கோடு போட்டால் நடுவில் எழுத்தை முழுங்கியிருக்கிறான் என்று அர்த்தம். திக்தி. என்று சொல்லப்படுகிற. என் மகன் மால்கம், துறவி என்று சொல்லப்படுகிறவன். துறவி இல்லை, துறவி என்று ஊர் கூப்பிடுகிறவன். அரைவட்டத்துக்குள் ஒரு சின்னக் குறுக்குக் கோடு இருந்தால் ஈ, இல்லாவிட்டால் சி. ஒரு கொசுக்கால் அளவுதான் வித்தியாசம், அதற்குள்தான் ஒரு மனுஷனின் சந்ததி முழுக்க நிற்கிறது. போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தார். குறுக்குக் கோடு இல்லை. கொஞ்சம் சாய்த்தார். இருக்கிற மாதிரி இருந்தது. அது தோலின் ரேகை. தோலின் ரேகையா, தேய்ந்துபோன மசியா? போன வருஷம்தான் இடது கண்ணுக்கு ஆபரேஷன். டாக்டர் பையன், இனிமே எறும்புக்கு மீசை இருந்தாகூடத் தெரியும் ஐயா என்றான். மீசை தெரிகிறது, இது தெரியவில்லையே. சரி, கண்ணை விடு, புத்தியைக் கேள். கடவுள் பெயரை அந்தக் காலத்து எழுத்தன் எவனும் மூன்று எழுத்தாக நீட்ட மாட்டான். முதலும் கடைசியும் போட்டு மேலே கோடு இழுத்துவிடுவான், இரண்டே எழுத்து. மூன்று எழுத்தும் எழுதிக் கோடும் போட்டால் அது கடவுள் இல்லை. இன்னொன்று. மடத்துக்கு நிலம் எழுதும் பத்திரம் அது, என் மகன் மால்கமின் சம்மதத்தோடு என்கிறான் தகப்பன். மெய்யாகவே துறவியானவனுக்குச் சொத்தில் உரிமை ஏது? உரிமை இல்லாதவனிடம் எவன் சம்மதம் கேட்பான்? இது அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கப்படாத மூத்த மகன் எப்படி இருப்பான் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் நினைப்பை நிறுத்தினார். ஃபைலை மூடினார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி திறந்தார். சி-தான்.

"அப்பா, தைலம் எடுத்துட்டு வந்தீங்களா? தலையைத் தலையை ஆட்டுறீங்க" என்றாள் ஜெசிந்தா, கண்ணைத் திறக்காமலே. "நல்லாத்தாம்மா இருக்கேன். நீ தூங்கு." "எங்க தூங்குறது, நீங்க முணுமுணுக்கிற சத்தத்துல." அவள் நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். "ஆமா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். துறவின்னு எழுதியிருக்கு, ஆனா துறவி இல்லைங்கிறீங்க. அது எப்படிங்க உங்களுக்குத் தோணுச்சுன்னு அந்தம்மா கேட்டா என்னா சொல்லுவீங்க?" "எழுத்தைப் பாத்தா தெரியுதுன்னு சொல்லுவேன்." "அவ்வளவுதானா?" என்றாள். கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதானா. பிள்ளை தெரிந்துதான் கேட்கிறாள். எழுத்தைப் பார்த்துத் தெரிந்ததா அது? பொய். நூலகத்தில் அன்றைக்கு அந்த வரியைப் படித்த கணமே, சி-யா ஈ-யா என்று கண் பார்ப்பதற்கு முன்னாலேயே, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடேய், இவன் நம்ம ஆள். பதினைந்து வயதில் பாதிரியார் ஆகக் குருமடத்துக்குப் போனார் சந்தியாகு. டிரங்குப் பெட்டியைத் தகப்பன் சின்னப்பன் தன் தலையிலேயே சுமந்து வந்தார், யாரையும் தொடவிடவில்லை. ஊரே பின்னால் வந்தது, பேண்டு வாத்தியம்கூட. ஒன்பது வருஷம். லத்தீனில் முதல் மார்க்கு, பாட்டில் முதல் மார்க்கு. சாமியாகப் போகிறவனுக்குச் சொத்து எதற்கு என்று நிலப் பத்திரத்தில் அப்பா அவர் கையெழுத்தைக் கேட்கவில்லை. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு லீவுக்கு வந்தால் கிழவர்கள்கூட எழுந்து நின்று, சாமி, என்றார்கள். அந்தச் சாமி என்ற சத்தம் காதுக்குத் தேனாக இருந்தது. அதுதான் வினை. ஒன்பதாம் வருஷம் டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துக்கிடந்தபோது விட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: தனக்குப் பிடித்தது அங்கிதான், கடவுளிடமிருந்து அழைப்பு ஒன்றும் வரவில்லை. பெண் விஷயம் என்று ஊர் சொன்னது. பெண்ணாக இருந்திருந்தால் தேவலையே, சொல்வதற்காவது ஒரு காரணம் இருந்திருக்கும். உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கர்வத்துக்காகப் போனேன், கர்வத்துக்காகத் திரும்பினேன். பொய்யான சாமியாக நிற்க என் கர்வம் விடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கம் இல்லை, தலை நிமிரத்தான் செய்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. அதே டிரங்குப் பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து மத்தியான வெயிலில் நடந்து வந்தார். வாசலில் அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், வீட்டுக்குள் பார்த்து, "சாமியார் வந்துட்டாரு, சோத்தைப் போடு" என்றார். அத்தனைதான். அந்த ஒரு வார்த்தை தெருவெல்லாம் ஓடி, ஊரெல்லாம் ஓடி, அரசமரத்தடிக் கடையின் கடன் சிலேட்டில் ஏறி, தபால்காரர் வாயில் ஏறி, நாற்பத்தெட்டு வருஷம் விடாமல் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் ஆனது, சாமியார் பெண்டாட்டி. ஜெசிந்தா பிறந்தாள், சாமியார் மக. மேற்றிராசனத்துப் பதிவேட்டு அறையில் வேலை கிடைத்தபோது, பாத்தியா, விட்டாலும் விடமாட்டேங்குது என்று சிரித்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒருநாள் ஜெசிந்தா அழுதுகொண்டு வந்தாள். சாமியாருக்கு மக எப்பிடிடீ பொறந்தா என்று ஒரு பிள்ளை கேட்டதாம், வகுப்பே சிரித்ததாம். இனி இந்த வீட்டில் அந்த வார்த்தையை எவரும் சொல்லக்கூடாது என்று சத்தம் போட்டார். சொல்லவில்லை. இருபத்திமூன்று வருஷமாக அவர் முன்னால் அவள் சொன்னதே இல்லை. அப்பாவிடம் போப்பாண்டவரைப் பற்றிப் பேசும்போதுகூடச் சுற்றி வளைத்துப் பேசுவாள் பிள்ளை.

அப்படியிருக்க, கைத்தடிப் பெரியவர் முன்னால், மோராக் அம்மாள் முன்னால், முன்பின் தெரியாத இருபது வெள்ளைக்காரர் முன்னால் போய் நின்றுகொண்டு, ஐயா, மடத்திலிருந்து ஓடிவந்தவனைத்தான் ஊர் இப்படிக் கூப்பிடும், எனக்கு எப்படித் தெரியும் என்றால் என்னையும் அப்படித்தான், என்று சொல்ல வேண்டுமா? எழுத்து போதாதா? போதாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பேர் பார்ப்பார்கள், ஈ மாதிரியும் இருக்கிறதே என்பார்கள், கிழவருக்கு நன்றி சொல்லித் தேநீர் கொடுப்பார்கள். மால்கம் மறுபடி சந்ததி இல்லாதவனாகச் சட்டத்துக்குள் போய்விடுவான். கேள்விக்குறி ஜெயித்துவிடும். இயன் பெரியவருக்குக் கோபம் வந்தால்? ஓடுகாலியின் வாரிசா நான் என்று கைத்தடியைத் தட்டினால்? தட்டட்டும். ஓடுகாலி இல்லை ஐயா, திரும்பி வந்தவன். திரும்பி வருவதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் தெரியுமா உங்களுக்கு, பெட்டி என்ன கனம் கனத்தது தெரியுமா? பஸ் ஒரு வளைவில் திரும்பியது, தூரத்தில் மடத்தின் இடிந்த சுவர் தெரிந்தது, மழையில் கறுத்துப்போய். அங்கிருந்து டன்கார்விக்கு நாலு மைல். மால்கமும் நடந்துதான் வந்திருப்பான். வாசலில் வில்லியம் நின்றிருப்பான். என்ன சொல்லியிருப்பான் தகப்பன்? அதையும் பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறானே. முத்திரை போடும் பத்திரத்தில், மடத்தலைவர் படிக்கப்போகும் பத்திரத்தில், என் மகன் மால்கம், துறவி என்று சொல்லப்படுகிறவன். சந்தியாகு மறுபடி ஃபைலைத் திறந்தார். இந்தத் தடவை மூன்று எழுத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு சொல்லைப் பார்த்தார். ஃபீலியி மேயி. என் மகன். நாலு மாதமாகத் தினம் படித்த வரிதான், இந்த இரண்டு சொல்லையும் கண் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. அதில் சந்தேகம் ஒன்றும் இல்லையே, எதற்குப் பார்க்க வேண்டும்? பெரியாஸ்பத்திரியில் அப்பா கடைசியாகக் கிடந்தபோது, சந்தியாகு மாத்திரை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வருகையில், வார்டுக்கு வெளியிலேயே அந்தக் குரல் கேட்டது. நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "எம்மவன் சாமியாரு வந்துட்டானா தாயி?" சாகக்கிடக்கும்போதுகூட விடமாட்டேன் என்கிறாரே என்று படியிலேயே நின்றுவிட்டார் சந்தியாகு. உள்ளே போகக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தை எத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறார். சாமியாரு, சாமியாரு என்று அது ஒன்றுதான் காதில் நின்றது. எம்மவன் என்பதைக் காது வாங்கவே இல்லை. எம்மவன் சாமியாரு. முதல் சொல்லை விட்டுவிட்டுக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்ட மடையன் நான், போதகரைக் குறை சொல்கிறேன். அவராவது ஒரு எழுத்தைத்தான் தப்பாகப் படித்தார். சந்தியாகுவுக்குக் கண் நிறைந்தது. ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணி படக்கூடாது என்று டாக்டர் பையன் சொன்னது ஞாபகம் வந்தது, கைக்குட்டையால் ஒத்திக்கொண்டார்.

சங்கக் கட்டடம் பழைய பள்ளிக்கூடம், உள்ளே ஈரக் கோட்டு வாசனையும் பிஸ்கட் வாசனையும். வாசலில் மேஜை போட்டு ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார்கள், வருகிறவர்கள் எழுத வேண்டும்: பெயர், ஊர், எந்த வம்சம். மோராக் அம்மாள் ஓடி வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், எழுதிவிட்டு வாருங்கள், எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் பொழிந்துவிட்டுப் போனாள். உள்ளே முன்வரிசையில் கைத்தடிப் பெரியவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சுவரில் சட்டம், சட்டத்துக்குள் கேள்விக்குறி. சந்தியாகு பேனாவை எடுத்தார். முப்பத்தொரு வருஷத்துக் கை அது. பழைய பதிவேட்டு எழுத்தில், சின்னப்பன் மகன் சந்தியாகு என்று லத்தீனில் எழுதினார். பிறகு மால்கமுக்கு அந்த எழுத்தன் எழுதிய மாதிரியே மூன்று எழுத்து போட்டு, தன் பெயருக்கு லத்தீன் இலக்கணம் கேட்கிறபடி கடைசி எழுத்தை மட்டும் மாற்றி, சி-யின் வயிறு யாருக்கும் சந்தேகம் வராதபடி நன்றாகத் திறந்திருக்க, தலைமேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பக்கத்தில் துறவி என்ற சொல். ஜெசிந்தா தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "உங்க பேரு இவ்வளவு நீளமாப்பா? என்னா எழுதியிருக்கீங்க?" அவர் நிமிர்ந்தார். "சின்னப்பன் மகன் சந்தியாகு. சாமியார்னு சொல்லுவாங்க" என்றார். உள்ளே கேட்கும்படி சத்தமாகவே சொன்னார், தமிழ்தான் என்றாலும். ஜெசிந்தா அவரையே பார்த்தாள். கையை நீட்டினாள், அவர் பேனாவைக் கொடுத்தார். அவருடைய வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு நேராக இறக்கி, வம்சாவளியில் போடுகிற மாதிரியே, அதன் அடியில் தமிழில் எழுதினாள்: ஜெசிந்தா. சாமியார் மக.